மென்டரிடம் என்ன இலக்கைக் கொண்டு போவது?

கேள்வி சுருக்கமாக இது: டெவலப்பராக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. டீமில் இருக்கும் ஒரு சீனியரை மென்டராகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், மொத்தம் ஆறு மாதம். முதல் சந்திப்புக்கு வரும்போது இலக்குகளை எழுதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் மென்டர். நீங்கள் எழுதி வைத்திருப்பவை நான்கு: சிஸ்டம் டிசைன் கற்றுக்கொள்ள வேண்டும், கிளவுட் கற்றுக்கொள்ள வேண்டும், தரமான கோட் எழுத வேண்டும், சீனியர் ஆக வேண்டும். இதை அப்படியே கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள்.

நான்கும் நியாயமான ஆசைகள்தான். ஆனால் இப்படியே கொண்டு போனால் மென்டர் தலையாட்டிவிட்டு, இரண்டு புத்தகமும் ஒரு வீடியோ கோர்ஸும் சொல்லி அனுப்புவார். வேறென்ன செய்ய முடியும் அவரால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் 13 சந்திப்புகள். விடுமுறை, ரிலீஸ் நேரத்து நெருக்கடி என்று இரண்டு மூன்று கழிந்துபோனால் கையில் நிற்பது சுமார் 10 மணி நேரம். பல கிளவுட் கோர்ஸ்களின் வீடியோக்களே அதைவிட நீளம். ஆகவே, இந்தப் பத்து மணி நேரத்தில் இவரிடம் மட்டுமே கிடைக்கக்கூடியது எது என்பதை முதலில் யோசியுங்கள். இலக்குகள் அதிலிருந்து பிறக்க வேண்டும்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நல்ல வெளிச்சம் தரும். புரோகிராமிங்கின் முக்கியமான விளைச்சல் கோட் கூட இல்லை, அதை எழுதியவர்களின் மனதில் உருவாகும் புரிதல்தான் என்பது அவர் வாதம். ஒரு உதாரணமும் தருகிறார். ஒரு குழு ஒரு கம்பைலரை (கோடைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) எழுதியது. இன்னொரு குழு அதை விரிவாக்க எடுத்துக்கொண்டது. முழு ஆவணங்களும், குறிப்புகளோடு கூடிய கோடும், மூலக் குழுவின் ஆலோசனையும் இரண்டாம் குழுவுக்குக் கிடைத்தன. அப்படியும் அவர்கள் முன்வைத்த சில மாற்றங்கள் மூல வடிவமைப்பின் எளிமையையும் பலத்தையும் கெடுப்பவையாக இருந்தன. மூலக் குழுவினர் பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுகொண்டு, இருக்கும் அமைப்புக்குள்ளேயே அடங்கும் தீர்வுகளைச் சொன்னார்கள். எழுதி வைக்கக்கூடியதையெல்லாம் எழுதிய பிறகும் ஏதோ ஒன்று அவர்கள் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

உங்கள் மென்டரின் தலைக்குள்ளும் அது இருக்கிறது. பேமென்ட் மாட்யூல் ஏன் தனியாகப் பிரிந்து நிற்கிறது, ஒரு டேபிளில் யாரும் தொடாத அந்த நெடுவரிசை எதற்கு, எந்த மாற்றத்தைத் துணிந்து மெர்ஜ் செய்யலாம் (பொதுக் கோடோடு சேர்க்கலாம்), எதை வெள்ளிக்கிழமை மாலையில் தொடவே கூடாது என்பதெல்லாம் எந்த கோர்ஸிலும் வராது. அதோடு, அவர் யோசிக்கும் விதம். தையல் பழகுபவர் குருவின் கையைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்வார். யோசிக்கும் தொழிலில் பார்க்க எதுவுமே இல்லை, ஆகவே யோசனையை வெளியே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று கற்றல் ஆய்வாளர்களான ஆலன் காலின்ஸ், ஜான் சீலி பிரவுன், ஆன் ஹோலம் மூவரும் 1991-ல் எழுதினார்கள். சீனியர் டெவலப்பர் ஒரு லாகை (சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவை) பத்து நொடி பார்த்துவிட்டு "கேஷ்ல பாருங்க", அதாவது தற்காலிகச் சேமிப்பில் பாருங்கள், என்று சொல்கிறாரே, அந்தப் பத்து நொடியில் அவர் எதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

சரி, இலக்கை எங்கிருந்து எடுப்பது? ஜாப் விளம்பரங்களைப் பார்த்து எடுக்காதீர்கள். உங்களுடைய சொந்த வேலையிலேயே அது கிடக்கிறது. கடைசி இரண்டு மாதத்தில் நீங்கள் போட்ட புல் ரிக்வெஸ்ட்களை (உங்கள் கோட் மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கைகளை) திறந்து, வந்த ரிவ்யூ கமெண்ட்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் ஒட்டுங்கள். அரை நாள் வேலை. படித்துப் பார்த்தால் ஒரே கமெண்ட் வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். "இங்கே நல் (மதிப்பே இல்லாத நிலை) வந்தால் என்ன ஆகும்?", "லிஸ்ட் காலியாக இருந்தால்?", "இந்த ஏபிஐ (வேறு மென்பொருளோடு பேசும் இணைப்பு) டைம் அவுட் ஆனால் பயனருக்கு என்ன தெரியும்?" என்ற மூன்றும் ஒரே குறையைச் சொல்கின்றன: எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதையை மட்டும் யோசித்து எழுதுகிறீர்கள். "இதே வேலையைச் செய்யும் ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறதே" என்பது மூன்று தடவை வந்திருந்தால், கோட்பேஸின் வரைபடம் உங்கள் மனதில் இன்னும் உருவாகவில்லை. "இந்த குவெரி லூப்புக்குள் ஓடுகிறது" என்று வந்தால், நூறு ஆர்டருக்கு நூற்றொரு முறை டேட்டாபேஸைத் தட்டுவது உங்கள் கண்ணில் படவில்லை என்று பொருள்.

அப்புறம், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நேரம் தின்ற டிக்கெட்களை (உங்களுக்கு ஒதுக்கிய வேலைகளை) எடுங்கள். நேரம் எங்கே போனது? கோட் எழுதவா, எங்கே எழுதுவது என்று தேடவா, கேட்பதற்குத் தயங்கி உட்கார்ந்திருந்ததிலா? கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால் அதுவும் ஒரு இலக்கு. அதை வெட்கப்படாமல் எழுதுங்கள், ஏனென்றால் ஜூனியர்களின் நேரத்தை அதிகம் விழுங்குவது அதுதான் என்பது என் கணிப்பு.

இலக்கின் வகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். "வாரம் நான்கு டிக்கெட் முடிப்பேன்", "ரிவ்யூ கமெண்ட்டைப் பாதியாகக் குறைப்பேன்" என்று எண் வைத்து எழுதினால் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். குறிப்பான, சவாலான இலக்கு வைத்தால் வேலை மேம்படும் என்று எட்வின் லாக், கேரி லேதம் போன்றவர்களின் பல்லாண்டு ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. ரூத் கான்ஃபர், ஃபிலிப் ஆக்கர்மன் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு சிமுலேஷனில் உட்கார வைத்தார்கள். வேலையே பிடிபடாத ஆரம்ப கட்டத்தில் எண் இலக்கு தரப்பட்டவர்கள், "முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிடப் பின்தங்கினார்கள். கற்பதற்குப் போக வேண்டிய கவனத்தை இலக்கே எடுத்துக்கொண்டுவிட்டது. லேதமும் ஜெரார்ட் செய்ட்ஸும் பின்னாளில் செய்த ஆய்வுகளும், புதிய சிக்கலான வேலையில் கற்றல் இலக்கே கைகொடுக்கிறது என்று காட்டின.

இதை உங்கள் நிலைமையில் பொருத்திப் பாருங்கள். ரிவ்யூ கமெண்ட்டைப் பாதியாக்குவது இலக்கு என்றால், ரிஸ்க் இல்லாத சின்ன டிக்கெட்களாகப் பொறுக்குவீர்கள். எண் குறையும், ஆறு மாதம் வீணாகும். மேனேஜருக்கு எண் வேண்டும் என்றால் அதை மேனேஜரோடு பேசும் இடத்தில் வையுங்கள். மென்டரிடம் கற்றல் இலக்கைக் கொண்டு போங்கள்.

"இலக்கு ஸ்மார்ட்டாக இருக்க வேண்டுமே, அளக்க முடிய வேண்டுமே" என்று உடனே ஒரு சந்தேகம் வரும். அந்த ஸ்மார்ட் சூத்திரத்தை (இலக்கு குறிப்பானதாக, அளக்கக்கூடியதாக, ஒருவர் பொறுப்பில், நடக்கக்கூடியதாக, காலக்கெடுவோடு இருக்க வேண்டும் என்பது) 1981-ல் முன்வைத்த ஜார்ஜ் டோரனே, எல்லா இலக்குகளையும் எல்லா மட்டத்திலும் எண்ணாக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்று அதே கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார். உங்களுக்குத் தேவை அடையாளம். இலக்கை எட்டினீர்களா என்பது உங்கள் வேலையைப் பார்த்தாலே மூன்றாம் மனிதருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு இலக்கை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "டீபக்கிங்கில் (பிழையைத் தேடித் திருத்துவதில்) தேற வேண்டும்" என்று எழுதினால் மென்டருக்குப் பிடிமானம் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "எனக்குப் பழக்கமில்லாத மாட்யூலில் ஒரு பக் வந்தால், அடுத்தவரைக் கூப்பிடும் முன் அதை என் மெஷினில் மீண்டும் வரவழைத்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு ஊகங்களை எழுதி, ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்தேன் என்று டிக்கெட்டிலேயே பதிந்திருக்க வேண்டும்." இதில் மென்டர் செய்ய வேண்டியதும் தெரிகிறது, நீங்கள் விட்டுச்செல்லும் தடயமும் தெரிகிறது.

இதை வைத்து ஒரு சந்திப்பு எப்படி நடக்கும்? தினசரி விற்பனை ரிப்போர்ட்டில் சில ஆர்டர்கள் தவறான தேதியில் விழுகின்றன என்று ஒரு டிக்கெட். நீங்கள் நேராகத் தேதியைத் திரையில் காட்டும் கோடுக்குப் போய், ஃபார்மட்டை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளை ஓட்டிவிட்டீர்கள். மென்டரிடம் அதைக் காட்டுகிறீர்கள். அவர் கோடைத் திறக்கவே இல்லை. "எல்லா ஆர்டருமா, சிலதா? சிலது என்றால் அவற்றுக்குள் என்ன ஒற்றுமை?" என்று கேட்கிறார். தவறிய ஆர்டர்களைப் பிரித்து நேரப்படி அடுக்கிப் பார்க்கிறீர்கள். எல்லாமே நள்ளிரவு தாண்டி அதிகாலைக்குள் வந்தவை, எல்லாமே முந்தைய நாளில் விழுந்திருக்கின்றன. இப்போது ஊகம் தானாக வருகிறது: டேட்டாபேஸ் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைத்திருக்கிறது, பயனர்களின் கடிகாரமோ யூடிசியைவிடச் சில மணி நேரம் முன்னே ஓடுகிறது, ரிப்போர்ட் குவெரி யூடிசி தேதியை வைத்துக் கூட்டுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு விடிகாலை 3 மணி, யூடிசியில் இன்னும் நேற்று. ஒரே ஒரு ஆர்டரை அந்த நேரத்தில் போட்டு டெஸ்ட் எழுதினால் முடிந்தது.

நேர மண்டலத்தைப் பற்றிய அறிவு இதில் சின்ன பங்குதான். கோடுக்குள் இறங்கும் முன் "எது தவறுகிறது, எது தவறவில்லை" என்று எல்லை கட்டும் பழக்கம்தான் நீங்கள் மென்டரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அடுத்த டிக்கெட்டில் "போன மாதம் வரை சரியாக இருந்தது" என்று யாராவது சொன்னால், அதே பழக்கம் உங்களை கிட் பைசெக்ட்டிடம் (தவறு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடித்தரும் கருவியிடம்) கொண்டு போகும். ஆயிரம் கமிட்களுக்குள் (பதிந்து வைத்த கோட் மாற்றங்களுக்குள்) ஒளிந்திருக்கும் தவறைச் சுமார் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம், ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே போவதால். இப்படிப்பட்ட ஒரு பழக்கம் வேரூன்றினாலே அந்த ஆறு மாதம் பயனுள்ளது என்று நான் சொல்வேன்.

உங்கள் நான்கு ஆசைகளையும் இதே கண்ணோடு மாற்றி எழுதலாம். சிஸ்டம் டிசைனை, "நம் சிஸ்டத்தில் ஒரு ரிக்வெஸ்ட் உள்ளே நுழைந்து பதில் வெளியே போகும் வரை என்ன நடக்கிறது என்று வரைந்து, ஒவ்வொரு பெட்டியும் ஏன் அங்கே இருக்கிறது, அது விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தெரிய வேண்டும்" என்று சுருக்குங்கள். கோடிக்கணக்கான பயனர்களுக்கான கற்பனை சிஸ்டத்தைவிட, கண்ணெதிரே ஓடும் சிஸ்டம் அதிகம் சொல்லித்தரும். கிளவுடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அது கோர்ஸ் வேலை. ஒரு டிப்ளாய் (புதிய பதிப்பை வெளியிடுவது) தோற்றால் ரோல்பேக் செய்வதை (பழைய பதிப்புக்குத் திரும்புவதை) மென்டர் பக்கத்தில் இருக்க நீங்களே ஒருமுறை செய்து பார்ப்பதை வேண்டுமானால் அந்த இடத்தில் வைக்கலாம். தரமான கோடுக்கு, நீங்கள் தொகுத்த ரிவ்யூ கமெண்ட்களே பதில். சீனியர் ஆவது பெரும்பாலும் மென்டர் கையில் இல்லை. ஆனால் "எந்த முடிவுகளை நான் இன்னும் கேட்டுக் கேட்டு எடுக்கிறேன், எதைத் தனியாக எடுக்கலாம்?" என்று அவரிடம் கேட்கலாம். சீனியருக்கும் ஜூனியருக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் அந்தப் பட்டியலின் நீளம்தான்.

ஏஐ உதவியோடு கோட் எழுதுபவர் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஓடுகிற கோட் இப்போது சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, புரிதல் அதே வேகத்தில் வருவதில்லை. "நான் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் எந்த வரியைச் சுட்டினாலும், ஏன் இப்படி, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்" என்பதை இலக்காக வைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் மென்டரை ஏதாவது மூன்று வரிகளைத் தொடச் சொல்லுங்கள். இந்த ஒன்றை நான் எல்லா ஜூனியருக்கும் சிபாரிசு செய்வேன்.

தொழில்நுட்பம் சாராத இலக்கு வைக்கத் தயங்குகிறவர்கள் நிறைய. அந்தத் தயக்கம் தேவையில்லை. மென்டரிங்கைப் பற்றி 1980-களில் அடிப்படை ஆய்வு செய்த கேத்தி கிராம், அந்த உறவு இரண்டு வேலைகளைச் செய்வதாகப் பிரித்தார்: தொழிலில் முன்னேற உதவுவது ஒன்று, தன்னம்பிக்கையும் அடையாளமும் வளர உதவுவது மற்றொன்று. டிசைன் மீட்டிங்கில் ஒருமுறைகூட வாய் திறக்காமல் இருக்கிறீர்களா? ரிவ்யூவில் சீனியர் சொன்னது தவறு என்று பட்டும் அப்படியே மாற்றிக் கொடுத்துவிடுகிறீர்களா? எஸ்டிமேட் கேட்டால் பயத்தில் குறைத்துச் சொல்லிவிட்டு இரவில் விழித்திருக்கிறீர்களா? இவற்றில் ஒன்றைப் பட்டியலில் சேருங்கள். மென்டர் அந்த மீட்டிங்கில் இருப்பவர் என்றால் இன்னும் நல்லது. மீட்டிங்குக்கு முந்தின நாளே உங்கள் கருத்தை அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு மறுநாள் பேசலாம்.

ஆனால் மனம்விட்டுப் பேசும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: "நாம் பேசுவது மேனேஜருக்குப் போகுமா?" முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் வருடாந்திர மதிப்பீட்டை எழுதுபவரே மென்டராகவும் இருந்தால், பலவீனத்தைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது. அப்போது முடிந்தால் வேறு டீமில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை இலக்கு? ஆறு மாதத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. முதல் சந்திப்புக்கு முன்தினம் அனுப்பும் குறிப்பு அரைப் பக்கம் போதும். இந்த மாதிரி இருக்கலாம்:

"வணக்கம். கடந்த இரண்டு மாத ரிவ்யூ கமெண்ட்களைத் தொகுத்துப் பார்த்தேன், ஃபைலை இணைத்திருக்கிறேன். பிழை நேரும் சூழல்களை நான் முன்கூட்டியே யோசிப்பதில்லை என்று தெரிகிறது. டிசைனை எழுதும்போதே அவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் வைக்கும் அளவுக்கு வர வேண்டும் என்பது முதல் இலக்கு. நோட்டிஃபிகேஷன் மாட்யூலில் ஒரு பக் வந்தால் இப்போது என்னால் தனியாகக் கையாள முடியவில்லை. ஆறாவது மாதம் அந்த மாட்யூலைப் புதிதாகச் சேர்பவருக்கு நான் விளக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியான இடத்தில்தான் கை வைக்கின்றனவா என்று நீங்கள் சொல்ல வேண்டும். என் வேலையில் நான் கவனிக்காத வேறு ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்."

கடைசி வரி முக்கியம். நமக்குத் தெரியாதது என்று நாம் எழுதுவது, நமக்கே ஏதோ கொஞ்சம் தெரிந்ததைத்தான். முற்றிலும் தெரியாததை நம்மால் இலக்காக எழுத முடியாது, அதை மென்டர்தான் சொல்ல வேண்டும். ஆகவே நீங்கள் கொண்டு போகும் பட்டியல் வரைவுதான். அவர் அதில் ஒன்றை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினால் சந்தோஷப்படுங்கள், அவர் உங்கள் வேலையைப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் உங்கள் வேலையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள்: ஒரு புல் ரிக்வெஸ்ட், பாதியில் நிற்கும் பக், ஒரு டிசைன் வரைவு, உங்களுக்கு விளங்காத ஒரு பழைய கமிட். வெறுங்கையோடு போனால் பேச்சு பொதுவான அறிவுரைக்குப் போய்விடும். சில சந்திப்புகளில் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய வேலையை அவர் சத்தமாக யோசித்துக்கொண்டே செய்யட்டும், நீங்கள் "இதை ஏன் பார்த்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். பேசி முடித்த அன்றே நான்கு வரியில் குறித்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது மாதம் இலக்குகளைத் திறந்து மறுபடி எழுதுங்கள். டீம் மாறியிருக்கும், புராஜெக்ட் நின்றிருக்கும், முதலில் மலையாகத் தெரிந்தது சாதாரணமாகியிருக்கும். பழைய ரிவ்யூ ஃபைலோடு புதிய இரண்டு மாதக் கமெண்ட்களை ஒப்பிடுங்கள். எண்ணிக்கை அதிகரித்துக்கூட இருக்கலாம். "நல் வந்தால்?" என்ற கமெண்ட் மறைந்து, "இந்த இரண்டு சர்வீஸும் ஒரே நேரத்தில் எழுதினால்?" என்பது வந்திருந்தால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். கடினமான இடத்துக்கு வந்துவிட்டதால்தான் கடினமான கேள்வி வருகிறது.

மென்டர் தொடர்ந்து சந்திப்பைத் தள்ளிப்போட்டால், உடனே ஆர்வமில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். "ஒரு மணி நேரம் கஷ்டம் என்றால் வாரம் 20 நிமிடம், ஒரே ஒரு புல் ரிக்வெஸ்ட்டை மட்டும் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பல பேருக்கு அது சுலபம். அப்படியும் நடக்கவில்லை என்றால், இரண்டாவது மாதம் முடிவதற்குள் திட்டத்தை நடத்துபவரிடம் சொல்லி ஆளை மாற்றிக் கேளுங்கள். யார் மேலும் குறை சொல்லத் தேவையில்லை, "நேரம் பொருந்தவில்லை" என்பதே போதுமான காரணம். நீங்கள் தயாரித்த ரிவ்யூ ஃபைலும் இலக்குக் குறிப்பும் அடுத்த மென்டருக்கு அப்படியே உதவும்.